வாயசைப்பு

இரண்டாவது சரணம் தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. அது என் மூச்சு இல்லை.

"நிறுத்து," என்றேன்.

ஒலிப்பதிவாளன் கிரஹாம் நிறுத்தினான். லண்டனில் நான்கு மாதமாக இந்த அறையில்தான் உயிரை விட்டிருக்கிறேன். பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆங்கில வார்த்தையாகப் பழகினேன். மாஸ்கோவில் முப்பது வருஷம் பாடகியாக மேடையேறியவள், இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திட்டு வாங்கினேன். எல்லாம் இந்தப் பதினோரு பாட்டுக்காக.

"அந்த இடத்தை மறுபடி போடு."

மூச்சு. அதன் முடிவில் மெல்லிய ஒரு கீச்சு.

அந்தக் கீச்சு எனக்குத் தெரியாதா? எங்கள் சொந்த ஊரான சரத்தோவில், ஏழு வயதில் என் தங்கை வார்யா நெஞ்சுச் சளியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, அது வருகிறதா வருகிறதா என்று ஒரு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவள் நான்.

வார்யா சோபாவில் உட்கார்ந்து கையுறையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆங்கில டீச்சர். உச்சரிப்புக்குத் துணையாக நான்தான் கூட்டிவந்தேன். ஒவ்வொரு பாட்டையும் முதலில் அவள் பாடிப் பதிவு செய்வாள். அதைக் காதில் கேட்டுக்கொண்டே, அவள் மூச்சு இழுக்கும் இடத்தில் நானும் இழுத்து, அவள் வாய் திறக்கும் இடத்தில் நானும் திறப்பேன். நான் பாடி முடித்ததும் அவளுடையதை அழித்துவிட வேண்டும். அப்படித்தான் பேச்சு.

அழித்தது என்னுடையதை.

"எத்தனை பாட்டு?"

கிரஹாம் என் கணவன் அர்காதியைப் பார்த்தான். தயாரிப்பாளனும் அவன்தான்.

"எல்லாமே," என்றான் அர்காதி. "உன் இங்கிலீஷ் இந்த ஊர்க்காரங்களுக்குப் புரியல ஸ்னெஷானா. முப்பது வருஷமா டேப்புக்கு வாயசைச்சவதானே நீ! இப்ப மட்டும் என்ன புதுசா ரோஷம்?"

பாவி. உண்மைதான். உறைபனியில், திறந்த மைதானத்தில், எங்கள் ஊரில் யார்தான் நிஜமாகப் பாடினார்கள்? ஆனால் அந்த டேப்பில் இருந்தது என் குரல். அடுத்தவள் குரலுக்கு நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

"உனக்குத் தெரியும்னுதான்க்கா அத்தான் சொன்னாரு," என்றாள் வார்யா.

பொய். நேற்று மத்தியானம் என் தட்டில் சூப்பை ஊற்றிக்கொண்டே, உன் குரல் இருபது வயசுப் பெண் மாதிரி வந்திருக்கிறது என்று சொன்னவள் இவள். அர்காதியை விடுங்கள், அவன் வியாபாரி. இவள் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

வாசலில் டாக்ஸி வந்துவிட்டது. விமானத்துக்கு நேரமாயிற்று.

"உட்காருவோம்," என்றான் அர்காதி.

வீடே பற்றி எரிந்தாலும், பயணத்துக்கு முன் ஒரு நிமிஷம் வாய் பேசாமல் உட்காராமல் ரஷ்யர்கள் நாங்கள் கிளம்ப மாட்டோம். மூவரும் கதவோரம் கட்டிவைத்திருந்த அவரவர் பயணப் பெட்டிமேல் உட்கார்ந்தோம். கிரஹாம் ஒன்றும் புரியாமல் நின்றான்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஆல்பத்தில் என் பெயர் இருக்காது. நாளை மாஸ்கோவில் பத்திரிகைக்காரர்கள் முன் நானே போட்டு உடைப்பேன். சொல்ல வேண்டியதை வரிவரியாக மனதுக்குள் அடுக்கிக்கூட வைத்துக்கொண்டேன்.

அறையில் சத்தமே இல்லை.

வார்யா ஏதோ சொல்ல வந்து மூச்சை இழுத்தாள். முடிவில் அந்தக் கீச்சு.

அவள் குரல் வெளியே வந்த அதே நொடியில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. டேப்புக்கு வாயசைப்பது போலவே, துளி பிசகவில்லை.

அர்காதி அதைப் பார்த்துவிட்டான். எழுந்து, என்னையும் எழவைத்து, என் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான்.