அப்பா கேட்டபடி

கீரிக் கிராமத்தில் மத்தியான வெயில் யன்னல் சீலைக்குள்ளால் கசிகிறது. சவப்பெட்டியில் எமிலியானுஸ் கிடக்கிறார். மகள் டிலோஜினி பாரிசிலிருந்து நாளைதான் வருகிறாள். அதுவரை உடம்பு தாங்கவேண்டுமென்று ஏசி பதினாறில் உறுமுகிறது. குளிரென்றாலே முகம் சுளிக்கிற மனுஷனுக்காக மகன் றொஷான் முந்தி ஒரு சுவிட்ச் செய்து கொடுத்தவன். சுவரில் இல்லை, போனுக்குள் மட்டும். பேர் ‘அப்பா’. அவர் பேச்சுக் கேட்கிற ஸ்பீக்கரைக் கூப்பிட்டுச் சொன்னால் அந்தச் சுவிட்ச் விழுந்து ஏசி இருபத்தெட்டுக்கு ஏறும். செபமாலை முடிந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெழுகுதிரிச் சுடரும் அசையவில்லை. அலுமாரி மேலிருக்கும் ஸ்பீக்கர் செத்தவீட்டு மரியாதை குறையாமல் சொல்கிறது: “அப்பா கேட்டபடி, இருபத்தெட்டு.” ஏசி அடங்குகிறது. “காலமையே அந்தச் சுவிட்சை அழிச்சிட்டனம்மா,” என்கிறான் றொஷான், மூன்றாந்தரமும் பதினாறாக்கியபடி. அம்மா மாக்கிறட் எழும்பிப் போர்வையை உதறுகிறா. “விடு தம்பி. போர்த்துவிட்டாக் கேக்கமாட்டார்.”