பெரிய தேரின் கட்டை

அம்மன் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற உச்சிமாகாளிக்குப் பன்னிரண்டு வருஷமாக வயிற்றெரிச்சல். சுவாமியின் பெரிய தேருக்குக் கட்டை போடும் உரிமையை மாமனார் சாகும்போது, தொழில் தெரிந்த மருமகனுக்குத் தராமல் மகன் சுடலைக்கண்ணுக்குத் தந்துவிட்டார். கோபுரமே எழுந்து நடப்பதுபோல அந்தத் தேர் வரும்போது சனமெல்லாம் மேலே பார்த்துக் கும்பிடும். உச்சிமாகாளி மட்டும் மைத்துனனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு தடவையாவது தவறாதா என்று.

இந்த வருஷம் தவறியது. வடக்கு வீதித் திருப்பத்தில் சுடலை போட்ட கட்டை வழுக்கித் தெறிக்க, தேர் திரும்பாமல் நேராக வீடுகளைப் பார்த்துப் போனது. அம்மன் தேர் புறப்பட நேரமிருந்ததால் வேடிக்கை பார்க்க வந்திருந்த உச்சிமாகாளி, என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் பாய்ந்து தன் கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்திருந்தார். தேர் முனகிக்கொண்டே திரும்பி நின்றது.

"சுடலை கட்டைன்னா சுடலை கட்டைதான்!" என்று, மேலேயே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கத்தியது.

சுடலை கண்கலங்க ஓடிவந்தான். "நான் போடலவே, எங்க அத்தான் போட்டாவ!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். பிறகு தன் கட்டையை இரண்டு கையாலும் நீட்டினான். "இனிமே பெரிய தேரு ஒங்களுக்குத்தான் அத்தான். நான் அம்மனுக்குப் போட்டுக்கிடுதேன்."

"யாருக்குய்யா இப்பிடி மனசு வரும்!" என்றாள் பூக்காரி. எல்லோரும் சுடலையையே பார்த்தார்கள்.

வாங்கினாலும் பேர் அவனுக்குத்தான், வாங்காவிட்டாலும் அவனுக்குத்தான். உச்சிமாகாளிக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

"பிடிங்க அத்தான்" என்றான் சுடலை. வடம் பிடித்தவர்கள் காத்திருந்தார்கள்.