பிளாரன்ஸ் போட்ட பூட்டு

மகள் ஆனி, கிளைட்டனைக் காதலிப்பது தெரிந்ததும், நம் பிளாரன்ஸ் அவளை அறையில் பூட்டி, போனிலிருந்து சிம்மையும் உருவிவிட்டாள். வரும் ஞாயிறன்று மில்லர்புரத்து மாப்பிள்ளையோடு நிச்சயதார்த்தம். பூட்டிய மறுநாளே அரசாங்கமும் ஊரில் நெட்டை நிறுத்தியது.

"கவர்மென்டும் என் பக்கந்தான்!" என்று திரேஸ்புரம் எங்கும் பீற்றிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஸ்டெபி வந்தாள். "மாமி, இந்த ஆப் நெட் இல்லாமலே புளூடூத்துல போனுக்குப் போன் சேதியைக் கடத்தும். உங்க போன்லயும் போடட்டா?"

"ஊரார் சேதியெல்லாம் படிக்கலாமாளா?"

"படிக்க முடியாது. சுமந்துட்டுத்தான் போவும்."

ஏமாற்றந்தான். இருந்தாலும், ஊர்ச் சேதியெல்லாம் தன் வழியே போகட்டுமே என்று சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை பூட்டு உடைந்து கிடந்தது. ஆனியைக் காணோம்.

"யாருளா அந்தப் பயலுக்குச் சேதி கொண்டுபோனது?"

ஸ்டெபி மாமியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அவங்க ரெண்டு பேர் போன்லயும் அந்த ஆப் உண்டு, மாமி. நேத்து நீங்கதான அவன் வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு ஏசுனிய?"