கோழி தெரிந்த முயல்

"ஏ ராமுத்தாயி, சட்டியை மூடாத! கால்ல செவப்பு நூல் கட்டுன என் கோழி உன் குழம்புலதான் கெடக்கு!" என்று கத்தினார் சுந்தரபாண்டி.

1967, தீபாவளி நெருங்கும் நேரம். விஸ்வநத்தத்தில் சனிக்கிழமைதோறும் பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் சுந்தரபாண்டியின் கோழி ஒன்று காணாமல் போகும். இது எட்டாவது வாரம்.

"புரட்டாசிச் சனிக்கெழம நான் கறி தொடுவேனாய்யா? காளான் குழம்பு. காளானைப் பிள்ளைக தின்னுட்டாக, சாறுதான் மிச்சம்."

"மணம் கோழியாட்டம்லா இருக்கு! நாளையிலருந்து என் காட்டு வேலைக்கு வராத."

ராமுத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. வேலைகூடப் போகட்டும், திருட்டுப் பட்டத்தை யார் சுமப்பது? சட்டியோடு எதிர்வீட்டுக் கல்லூரி ஆசிரியர் இன்பராஜிடம் ஓடினாள். முயல் ரத்தத்தை வைத்துக் கறியில் என்னவோ கண்டுபிடிக்கிற மனுஷன் என்று ஊரே அவரைக் கேலி செய்யும். சுந்தரபாண்டியும் விடாமல் பின்னால் வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் இன்பராஜுக்கு முகமெல்லாம் பல்.

"தசையில ஆக்டின்னு ஒரு புரதம் இருக்கு. அதை அடக்கி ஆளுறது ட்ரோப்போமயோசின்னு இன்னொரு புரதம். கொதிக்க வச்சாலும் அழியாது. கோழியோட ட்ரோப்போமயோசினைக் கண்டா, என் முயல் ரத்தத்துல இருக்குற எதிர்ப்பொருள் சும்மா விடாது. வெள்ளை வளையம் விழுந்தா கோழி!"

"மொசலா துப்புச் சொல்லும்?" என்றார் சுந்தரபாண்டி.

சின்னக் கண்ணாடிக் குழாயில் முயல் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம். அதன்மேல் வடிகட்டிய குழம்பு. கால் மணி நேரம் மூவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். வளையம் விழவில்லை.

"கோழி இல்லை" என்றார் இன்பராஜ்.

ராமுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீகளாய்யா?"

சுந்தரபாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. "தப்புத்தான் தாயி, வேலைக்கு வந்துரு. சார், இதே மாதிரி ஊர்ல எல்லாச் சட்டியையும் பாத்துருவோம். அந்தக் களவாணிய விடக் கூடாது!"

"சீரம் தீந்துபோச்சே அண்ணாச்சி. முயல் கோழியை அடையாளம் கண்டுக்கிடணும்னா, வாரம் ஒரு கோழியோட தசைச் சாறை அதுக்கு ஊசி போடணும். கவலைப்படாதீக, இன்னைக்கே போட்டுருதேன். முயலைப் பாத்துக்கிடுற நம்ம பெத்தணன் கோழி வாங்கச் சந்தைக்குத்தான் போயிருக்கான்."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"சார், இந்த வாரக் கோழி!" என்று உள்ளே நுழைந்த பெத்தணனின் கக்கத்தில், சிவப்பு நூல் கட்டிய காலை உதறிக்கொண்டிருந்தது கோழி.