முதுகில்லாத சட்டம்

பழைய வேட்டியில் சுற்றிய தேக்குப் படச்சட்டத்தை மார்போடு அணைத்தபடி அந்த வீட்டுக்குள் நுழைந்த தர்மன், முதலில் சுவர்களைத்தான் பார்த்தார்.

படம் எங்கேயும் இல்லை.

எந்தப் படத்துக்கு என்று தெரியாமல் அவர் இதுவரை ஒரு சட்டமும் செதுக்கியதில்லை. முருகன் என்றால் மூலைக்கு மூலை மயில். பெருமாள் என்றால் சங்கும் சக்கரமும். இறந்துபோனவர் படம் என்றால் மேலே மாலை மாட்ட இரண்டு கொக்கி. இது தெரியாமல் உளியைத் தொட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தச் சட்டத்தைச் செய்யச் சொன்ன இளவரசியோ அளவை மட்டும் சொன்னாள், படத்தைச் சொல்லவில்லை. கண்ணாடி வேண்டாம், பின்பலகை வேண்டாம் என்றாள். முன்பக்கம் போலவே பின்பக்கமும் கொடி செதுக்கி, அதற்கும் தங்க ரேக்குத் தாள் ஒட்டிவிடுங்கள் என்றாள்.

சுவரைப் பார்க்கிற பக்கத்துக்கு யாராவது தங்கம் ஒட்டுவார்களா?

மனிதருக்கு மண்டை காய்ந்துபோனது. தேக்கை இழைக்கும்போதும் அதே யோசனை. ரேக்கு ஒட்டும்போது பலமாக மூச்சு விட்டாலே தாள் பறந்துவிடும். அப்போது போய், "யார் படமா இருக்கும்?" என்று வாய்விட்டுக் கேட்டு ஒரு நல்ல தாளைப் பறக்கவிட்டார்.

அதற்குள் பிள்ளையார்பாளையமே பதிலைக் கண்டுபிடித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இளவரசியின் புருஷன் ஆனந்தகுமார் அந்தத் தெருவில் பேர் வாங்கிய நெசவாளி. ஐயம்பேட்டை ரோட்டில் பைக்கோடு விழுந்ததிலிருந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். பேச்சையும் விட்டுவிட்டான். தறியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். இனி இவன் தேறமாட்டான் என்று முடிவுகட்டி, மகராசி இப்போதே அவன் படத்துக்குச் சட்டம் சொல்லிவிட்டாள் என்றார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து தர்மனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு அந்தச் சட்டத்தைச் செய்து கொடுத்த பாவம் தன் கைக்கு வேண்டாம். அதனால்தான் ஆளை அனுப்பாமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார். விஷயம் அதுதான் என்றால், சட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று இருந்தார்.

நேராகக் கேட்க நா எழவில்லை. தொழில் கேள்வியாகக் கேட்டார்.

"மாலை மாட்ட கொக்கி எதுனா வெக்கணுமாம்மா?"

இளவரசி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஊர் பேசுவது அவள் காதுக்கும் வந்திருக்கும் போல.

"கொக்கி வேணாண்ணா. இப்டி கீழ குந்துங்க, காட்றேன்."

நெய்பவர் கால் விட்டு உட்காரும் தறிக்குழிக்கு நேராக, ஒரு செங்கல் கனமே உள்ள நடுச்சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு பழைய சேலைத் துண்டு தொங்கியது. அதை விலக்கினாள். செங்கல்லை இடித்து எடுத்த ஓட்டை. அந்தப் பக்கம் ஒரு தாழ்ந்த கட்டில். கட்டிலில் ஆனந்தகுமாரின் பின்னந்தலை.

இளவரசி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நா நெய்றத பாக்கட்டும்னுதான் இடிச்சேன். வெறும் ஓட்டையா இருக்க சொல்லோ மூஞ்சத் திருப்பிக்கினாருண்ணா. பரிதாபம் பாக்கிறியான்னு ஒருவாட்டி கேட்டாரு, அதோட சரி. சட்டம் போட்டா, படம் பாக்கிற மாதிரி பாப்பாரு இல்ல?"

ஊரோடு சேர்ந்து இவளைத் தப்பாக நினைத்தோமே என்று தர்மனுக்கு வெட்கமாக இருந்தது. சட்டத்தை ஓட்டைக்குள் பொருத்தி, கருவிப் பையிலிருந்து ஆப்பு எடுத்து வைத்து இறுக்கினார். அளவு துளியும் பிசகாமல் உட்கார்ந்தது.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் தர்மன் ஆயிற்றே. வேலை சுத்தமாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் அடுத்த அறைக்குப் போய்க் கட்டிலோரம் குந்தினார்.

அங்கிருந்து பார்த்தால், தங்கக் கொடிகளுக்கு நடுவே குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தாள் இளவரசி. எதிரே அரக்கு நிறப் பட்டு. அவள் குறுக்கே ஊடை நூலை ஓட்டும் நாடாவை வீசினாள், பலகையை இழுத்து அடித்தாள், மறுபடி வீசினாள்.

ஆனந்தகுமார் திரும்பவில்லை.

அவள் நெய்துகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் நெற்றி சுருங்கியது. அடிக்கிற சத்தத்தில் எதுவோ அவனுக்குப் பிடிக்கவில்லை. தலையை மெல்லத் திருப்பினான். சட்டத்தைப் பார்த்தான், பிறகு சட்டத்துக்குள் பார்த்தான்.

"ஊடை தளர்ந்துக்கினு வருது" என்றான். வெகுநாள் பேசாத குரல் கரகரத்தது. "இழுத்து அடி."

இளவரசி நிமிரவே இல்லை. "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்கவா? கண்ணு தெரில? அந்தக் கரையண்ட பாரு. மொத்தத்தையும் பிரி மொதல்ல."

முழங்கையை ஊன்றி, தலையைத் தூக்கி, சட்டத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்துவிட்டான். தர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பையை எடுக்கத் தறி அறைக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கத் தங்கத்துக்குள் ஆனந்தகுமாரின் முகம் இருந்தது. வசவு நிற்கவில்லை.

அப்புறம்தான் துணியைக் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து நெய்ததெல்லாம் அட்டை போல இறுகியிருந்தது. சட்டம் மாட்டிய பிறகு நெய்த ஒரு விரற்கடை அகலம் மட்டும்தான் தொளதொளவென்றிருந்தது.

அதைத்தான் இளவரசி இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். திட்டு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று, மெதுவாகவே பிரித்தாள்.