ஹாகனின் மூன்றாவது பெல்ட்

மூன்றாவது தடவையாக டெல்மர் ஹாகன் பெல்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேஜையில் வைத்தார். மூன்றாவது தடவையாக அம்மா மன்னிப்புக் கேட்டாள்.

"தப்பு என்னோடதுதான் டெல்மர். அளவெடுக்கிறப்ப கவனம் பிசகிடுச்சு."

ஹாகன் பெரிய மனதோடு தலையாட்டினார். ஆயிரம் மாடு வைத்திருப்பவர். கோடை விழாக் கமிட்டித் தலைவர். ஊர்வலத்தில் முதல் குதிரை அவருடையது. ஜூன் மாத வெயிலிலும் பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வயோமிங்கில் பெரிய மனிதர்களுக்கு மட்டும் வெயில் அடிப்பதில்லை போலிருக்கிறது.

அம்மா ஆர்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தோல் வேலை அவளுடைய பொழுதுபோக்கு. நூலகத்தில் நடந்த மாலை வகுப்புக்கு இரண்டு குளிர்காலம் போய்க் கற்றுக்கொண்டது. தோலை ஈரமாக்கி, கத்தியால் கொடி கீறி, அச்சை வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் காட்டு ரோஜாவையும், முதுகுப் பக்கம் வரும் இடத்தில் கட்டுகிறவர் பெயரையும் எழுப்ப வேண்டும். ஒரு கீறல் பிசகினால் அழிக்க வழியில்லை. ஒரு பெல்ட்டுக்குப் பதினைந்து நாள். ஹாகன் துரைக்கு மட்டும் இது நாலாவது பதினைந்து நாள்.

விடுமுறைக்கு வந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லூசாக இருந்தால் இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன்.

"அப்போ பேரு நடுமுதுகுல நிக்காதுடி. இடுப்புப் பக்கம் போயிடும்."

எங்கள் ஊரில் முகம் எங்கே இருக்கிறது என்பதைவிடப் பெயர் முதுகில் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஆம்பளை அதட்டினால் பொம்பளை தலைகுனிய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் அதட்டவேயில்லை என்று அம்மா சொன்னாள். அதட்டாமலே குனிய வைப்பதுதான் நிஜமான அதிகாரம் என்றேன். அதற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமே இருக்கிறது என்றும் சொன்னேன்.

"பாடத்தை அங்கயே வெச்சுட்டு வா. அந்தத் தட்டைக் கழுவு."

ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. தீவனக் கடைக்காரரும் விழாக் கமிட்டி உறுப்பினருமான லைல் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உங்கம்மா பூவெல்லாம் பிரமாதமாப் போடறா. எண்ணுறதுதான் வராது." அதே வாரம் இரண்டு பேர் ஆர்டரை வேண்டாம் என்றார்கள். விழாவின் குதிரைப் போட்டிகளில் ஜெயிக்கிறவர்களுக்கான ஆறு பரிசு பெல்ட்டுகள் இந்த வருஷம் அம்மாவுக்குத்தான் என்று பேச்சு இருந்தது. குளிர்காலம் முழுக்க அதற்காகவே மாதிரி வரைந்து வைத்திருந்தாள். இப்போது அதைப் பக்கத்து ஊர்க்காரனிடம் கொடுக்கப் போகிறார்களாம். கமிட்டியில் அந்தப் பேச்சு வந்தபோது தலைவர் ஹாகன் வாயைத் திறக்கவில்லையாம். மூன்று பெல்ட்டைத் திருப்ப மட்டும் வாய் இருந்தது.

அம்மா வெளியே போயிருந்தபோது அவள் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சீட்டு வைத்திருப்பாள். இடுப்பளவு, தேதி, வாடிக்கையாளர் கையெழுத்து. திரும்பி வந்த மூன்று பெல்ட்டையும் டேப் வைத்து அளந்தேன். மூன்றும் அதனதன் சீட்டோடு மயிரிழை பிசகாமல் பொருந்தின.

அம்மா தப்பே செய்யவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊரெல்லாம் அவள் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

சனிக்கிழமை காலை தீவனக் கடைக்குப் போனேன். வழக்கம்போல நான்கு பேர் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். நடுவில் ஹாகன், ஜாக்கெட்டோடு.

"வக்கீலம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றார் லைல்.

விட்டார்கள். மூட்டைகளின்மேல் மூன்று பெல்ட்டையும் நீட்டிப் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் அதன் சீட்டை வைத்தேன்.

"பிப்ரவரியில அளந்தது நாப்பத்திநாலு. பெல்ட்டும் நாப்பத்திநாலு. ஏப்ரல்ல நாப்பத்தொண்ணு, பெல்ட்டும் அதே. ஜூன் ஒண்ணாந்தேதி முப்பத்தொம்பது, பெல்ட்டும் அதே. மூணுலயும் உங்க கையெழுத்து, மிஸ்டர் ஹாகன். எங்கம்மா எந்த இடத்துல தப்பா அளந்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

லைல் தொப்பியைக் கழற்றினார். என் வாதத்தின் பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் பார்த்தேன். சீட்டை யாரும் பார்க்கவில்லை. ஹாகனின் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு மாசத்துல அஞ்சு அங்குலமா" என்று லைல் மெதுவாகக் கேட்டார். "டாக்டர்கிட்ட போனியா, டெல்மர்?"

"மார்ச்சுலயே போயாச்சு."

ஹாகன் கோப்பையைக் கீழே வைத்தார். பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார். குரலில் கோபமே இல்லை.

"ரெண்டாவது தடவை டேப்பைச் சுத்தினப்பவே உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, பொண்ணே. விழா முடியற வரைக்கும் யாரும் என்னைப் பாவமாப் பார்க்க வேண்டாம்னேன். பெல்ட் ஏன் தொங்குதுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னேன். 'ஆர்லிஸ் தப்பா அளந்துட்டான்னு சொல்லிடு'ன்னா. பரிசு பெல்ட் பேச்சு வந்தன்னைக்குக்கூட நிஜத்தைச் சொல்லிடறேன்னு அவகிட்ட போனேன். கூடாதுன்னுட்டா."

கீழே விழுந்திருந்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்த லைல், ஆறு பரிசு பெல்ட்டும் இனி அம்மாவுக்குத்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

வாதத்தில் நான் முழுசாக ஜெயித்திருந்தேன். அதை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.