ஒன்றுக்கு ஒன்று

ஒன்பது மணிக்கு வர வேண்டிய டாக்டர் எஸி டான்குவா ஒன்பது இருபத்தைந்துக்கு வந்தார்.

இன்ஸ்பெக்டர் நைஜல் புரூட்டனுக்கு அதில் வருத்தமில்லை. வருகிறவர் கறுப்பினப் பெண் என்று பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்திருந்தார். கிடைத்த நேரத்தில், அக்டோபர் முடிந்ததும் கழற்றிப் போட்ட கறுப்பர் வரலாற்று மாதச் சுவரொட்டியைத் தேடியெடுத்துத் தன் இருக்கைக்குப் பின்னால் மறுபடி ஒட்டிவிட்டார்.

"ரயில் காலை வாரிடுச்சா டாக்டர்?"

"ரயிலெல்லாம் சரியாத்தான் வந்துச்சு."

டாக்டர் உட்கார்ந்து, கைப்பைக்குள் தாறுமாறாகக் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்கினார். படித்தவர்கள் பை இப்படித்தான் இருக்கும் என்று நைஜல் நினைத்துக்கொண்டார்.

தெருவில் போலீஸ் யாரை நிறுத்திச் சோதனை போடுகிறது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. மக்கள்தொகை விகிதப்படி, மற்ற ஊர்களில் ஒரு வெள்ளையருக்கு நான்கு கறுப்பர்கள். நைஜலின் ஹார்டன் பிரிட்ஜ் நிலையத்தில் மட்டும் ஒன்றுக்கு ஒன்று. இதுதான் முன்மாதிரி நிலையம் என்று அவர் கையெழுத்துப் போட்டால், நைஜலுக்குத் தலைமையகத்தில் பதவி நிச்சயம்.

"எப்படிச் சாதிச்சீங்க?"

"மனசுதான் டாக்டர். என் ஆளுங்க கண்ணுக்கு நிறமே தெரியாது."

"கணக்கை நம்பலாமா?"

"நல்லா கேட்டீங்க. நிறுத்தின ஒவ்வொருத்தருக்கும் அந்த இடத்துலயே சீட்டு. பேரு, காரணம், இனம் எல்லாம் அதுல இருக்கும். சீட்டுல இருக்கிறதுதான் கணக்குல ஏறும். ஒரு எழுத்தை மாத்த முடியாது."

"இதை நீங்க சொன்னதாவே எழுதிக்கலாமா?"

"தாராளமா. எம் பேருல ரெண்டு 'டி' வரும், விட்டுடாதீங்க."

டாக்டர் கவனமாக எழுதிக்கொண்டார். நைஜல் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார். பின்னால் சுவரொட்டியின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது.

டாக்டர் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்க வாசலுக்கு எதிர்லயே நிறுத்தினாங்க. பையை நடைபாதையில கொட்டிப் பார்த்துட்டு, இதைக் கொடுத்தாங்க."

நைஜல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இன்றைய தேதி. நேரம் எட்டு ஐம்பத்தெட்டு. பெயர் சரியாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த கட்டத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

"நான் எப்பலேருந்து வெள்ளைக்காரி, இன்ஸ்பெக்டர்?"